110 குதிரைத்திறனுக்கு ஏன் இத்தனை பேச்சு? ஹாட் ஹேட்ச் கார்களின் ஈர்ப்பு

1976 கோடையில் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் எஞ்சின் 110 குதிரைத்திறன் தந்தது. இன்றைய கணக்கில் இது பெரிய விஷயமே இல்லை. நம் ஊரில் ஓடும் ஹூண்டாய் வென்யூவின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 120 தருகிறது. அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதில்லை, குடும்பத்தோடு திருப்பதி போய்வர வசதியான வண்டி என்றுதான் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பழைய ஜிடிஐயை வைத்திருப்பவர் மழை நாளில் அதை வெளியே எடுக்கவே யோசிப்பார். ஐம்பது வருடம் ஆகிறது, இன்னும் அதைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் செய்த ஒரு சின்ன காரை எடுத்து, எஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக், டயர் எல்லாவற்றையும் ஒரு படி ஏற்றி, வெளித்தோற்றத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டு விற்பது. ஹாட் ஹேட்ச் என்றால் இவ்வளவுதான் (ஹேட்ச் என்பது ஹேட்ச்பேக், பின்பக்கம் மேலே திறக்கும் கதவுள்ள சின்ன கார்). இதில் என்ன கவர்ச்சி என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "வேகம்". எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வேகத்துக்குத்தான் ஆசை என்றால் அதைவிட வேகமான கார்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கின்றன. இந்த வகைக் காரின் திறமை முழுவதையும் சாதாரண ரோட்டில், போலீஸ் பிடிக்காத வேகத்தில், வாரத்தில் எந்த நாளும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். இதன் வரலாற்றைப் பார்த்தால், இந்தக் குணம் கைவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் இந்த வகையே தடுமாறியிருக்கிறது.

அலுவலகத்துக்குத் தெரியாமல் செய்த கார்

ஜிடிஐ பிறந்த நேரத்தை நினைத்தால் சிரிப்பு வரும். 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி. மேற்கு ஜெர்மனியில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. வேகக் கட்டுப்பாடே இல்லாத ஆட்டோபான் சாலைகளில் சில மாதங்களுக்கு 100 கிலோமீட்டர் வரம்பு. ஃபோக்ஸ்வாகனுக்கோ பீட்டில் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. 1974-இல் அந்த நிறுவனம் 80 கோடி மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் நஷ்டம் காட்டியது. அந்த வருடம்தான் பீட்டிலுக்கு மாற்றாக, இத்தாலியரான ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த கோல்ஃப் தயாரிப்புக்கு வருகிறது. அதன் சாதா மாடலுக்கு 50 குதிரைத்திறன். அதற்கு மேல் வேண்டுமென்றால் 70.

அந்தச் சமயத்தில்தான் சோதனைப் பிரிவுப் பொறியாளர் அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் சக ஊழியர்கள் சிலருக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார்: கோல்ஃபில் ஒரு ஸ்போர்ட் மாடல் செய்தால் என்ன? இந்தச் சூழ்நிலையில் இப்படி ஒரு யோசனையோடு நிர்வாகத்திடம் போனால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் போகவில்லை. பத்திரிகைத் தொடர்புத் துறைத் தலைவர் அன்டன் கான்ராட் வீட்டில் சிலர் கூடிப் பேசினார்கள். அதிகாரபூர்வ அனுமதி இல்லாமலே ஒரு சோதனைக் கார் உருவானது. முதலில் செய்த கார் ரொம்ப முரட்டுத்தனம்: சைலன்சர் சத்தம் தாங்காது, சஸ்பென்ஷன் கட்டாந்தரை. அதைப் பதப்படுத்தி, தினமும் ஓட்டக்கூடிய காராக மாற்றிய பிறகே மேலிடத்தின் சம்மதம் கிடைத்தது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது கட்டம்தான். முரட்டுக் கார் செய்வது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. அதை மறுபடி வீட்டுக் காராக்குவதில்தான் வேலை இருந்தது.

1975 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். மொத்தம் 5,000 விற்றால் போதும், செலவு தேறிவிடும் என்பது கணக்கு. முதல் தலைமுறை ஜிடிஐ மட்டுமே 4.6 லட்சத்துக்கு மேல் விற்றது.

என்ன மாற்றினார்கள் என்று பார்த்தால் பட்டியல் ஆச்சரியமாகச் சின்னது. ஆடி 80 ஜிடிஇ காரிலிருந்த 1.6 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டருக்குப் பதில் பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் இன்ஜெக்ஷன். காரைக் கொஞ்சம் தரையை ஒட்டித் தாழ்த்தினார்கள். முன்னும் பின்னும் வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பிகள், முன் சக்கரங்களில் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக், 175 மில்லிமீட்டர் அகல டயர். இன்றைய ஹாட் ஹேட்ச்காரர்கள் இந்த டயர் அளவைப் பார்த்துச் சிரிக்கலாம், அன்றைக்கு அது அகலம்தான். மொத்த எடை 810 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட சுமார் 9 வினாடி, உச்ச வேகம் மணிக்கு 182. விலை 13,850 மார்க். இடது லேனில் போய்க்கொண்டிருந்த பெரிய மெர்சிடிஸின் கண்ணாடியில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வந்து ஒட்டிக்கொண்டு வழி கேட்பதை ஜெர்மானியர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

உள்ளலங்காரக் கதை தனி. துணி, நிறம் பார்க்கும் பிரிவில் இருந்த குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட்டிடம் இந்த வேலை வந்தது. அவர் ஃபோக்ஸ்வாகனுக்கு வருவதற்கு முன் பெர்லினில் பீங்கான் பாத்திரங்களில் ஓவியம் தீட்டியவர், மிட்டாய்ப் பெட்டிகளுக்கு வடிவம் போட்டவர். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கறுப்புத் தோல் சீட் என்றிருந்த காலத்தில் அவர் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணியைத் தேர்ந்தெடுத்தார். கியர் லீவரின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து. காரின் பெயர் கோல்ஃப் அல்லவா, சும்மா வாய்விட்டுச் சொன்ன யோசனை, நிறுவனம் அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டும் பல தலைமுறைகள் தொடர்ந்தன. முன் கிரில்லைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. தெரிந்தவர் கண்ணில் படும், தெரியாதவருக்கு அது இன்னொரு கோல்ஃப். அந்தச் சிவப்புக் கோட்டை இன்று எத்தனை கம்பெனிகள் எத்தனை சாதா மாடல்களில் ஒட்டி விற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், குன்ஹில்ட் குழுவின் செல்வாக்கு புரியும். ஸ்டிக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு டயரையும் ஸ்பிரிங்கையும் விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

யோசனை ஜெர்மனிக்கே சொந்தமானது என்று சொல்லிவிட முடியாது. 1959-இல் வந்த பிரிட்டனின் மினிக்கு 848 சிசி எஞ்சின், 34 குதிரைத்திறன். ஃபார்முலா ஒன் கார் செய்துகொண்டிருந்த ஜான் கூப்பர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு இன்னும் சக்தி கொடுத்தால் எங்கேயோ போய்விடும் என்று கண்டுகொண்டார். மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை, அவர் நினைத்தது சாமானியர்களுக்கான கார். கூப்பர் விடவில்லை. 1961-இல் 55 குதிரைத்திறனோடு மினி கூப்பர் வந்தது, அப்புறம் கூப்பர் எஸ். 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் மான்டி கார்லோ ராலி என்ற சாலைக் கார்ப் பந்தயத்தை வென்றது. 1966-லும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது. ஹெட்லைட் விதிமீறல் என்று காரணம் சொல்லி மூன்றையும் தகுதிநீக்கம் செய்து, பரிசை ஒரு சித்ரோனுக்குக் கொடுத்தார்கள். ஆனால் மினிக்குப் பின்கதவும் மடக்கும் சீட்டும் இல்லை. வார நாளில் உழைக்கும் காரே ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் காட்டும் என்ற முழு ஏற்பாட்டை ஜிடிஐதான் பெரிய அளவில் விற்றுக் காட்டியது.

வளைவில் என்ன நடக்கிறது

இதெல்லாம் சரி, ஓட்டுகிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டை எடுத்துக்கொள்வோம். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு சாதா ஹேட்ச்பேக் அந்த வளைவுக்குள் நுழையும்போது பாடி ஒரு பக்கம் சாய்கிறது, முன் டயர்கள் முனகுகின்றன, ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கிறது. வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏற்றத்தில் எஞ்சின் திணறும். முதல் கியருக்கு இறங்கலாமா, இரண்டிலேயே தள்ளலாமா என்று யோசிப்பதற்குள் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

அதே வளைவில் நன்றாகத் தயாரான ஒரு ஹாட் ஹேட்ச் செய்வது வேறு. ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் சாய்வு குறைவு, அதனால் டயர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்களுக்கு இரட்டைச் சுமை. திருப்புவதும் அவைதான், இழுப்பதும் அவைதான். அந்தச் சுமையைக் குறைக்கப் பொறியாளர்கள் பின்பக்கத்தை வேண்டுமென்றே கடினமாக்குவார்கள். அப்போது காரின் சாய்வை எதிர்க்கும் வேலையில் பெரும்பங்கு பின்னால் போய்விடும், முன்னால் இருக்கும் உள்பக்க டயர் தரையை விடாமல் பிடித்திருக்கும். பழைய கோல்ஃப் ஜிடிஐ படங்களில் வளைவுக்குள் பின்பக்கச் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாய் கம்பத்தைக் கண்டதுபோல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது தவறு இல்லை, கணக்குப் போட்டுச் செய்தது.

அடுத்தது டிஃபரன்ஷியல், எஞ்சின் சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு. சாதாரணமாக எஞ்சின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவோ அந்தப் பக்கம் ஓடி வீணாகும். வளைவில் உள்பக்க முன்சக்கரம் வெறுமனே சுழல்வது இதனால்தான். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வைத்தால் அந்தச் சக்தியில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, வெளியே போகவேண்டிய கார் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வளைவை முடிக்கும். முதல் தடவை இதை அனுபவிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

முக்கியமான விஷயம், இதெல்லாம் மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. 600 குதிரைத்திறன் கொண்ட ஒரு சூப்பர் காரை அதே ரோட்டில் கொண்டுவந்தால் அதன் திறமையில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது. அகலம் காரணமாக எதிரே வரும் தேயிலை லாரிக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். (வால்பாறை ரோட்டில் வரையாடுகள் குறுக்கே வரும், வேகத்தைக் காட்டுகிற இடம் அது இல்லை. சிறிய வேகத்திலேயே சுவை கிடைக்கிற கார்தான் அங்கே பொருத்தம் என்பதற்காகச் சொல்கிறேன்.) அடுத்த நாள் காலை அதே கார் தியாகராய நகரில் இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே பார்க் ஆகும், டிக்கியில் அரிசி மூட்டை போகும்.

இந்தப் பொறியியலுக்குள் ஒரு ஆபத்தும் உண்டு. 1984-இல் வந்த பியூஷோ 205 ஜிடிஐயை இந்த வகையின் உச்சம் என்று சொல்கிறவர்கள் நிறைய. 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன், சுமார் 850 கிலோ. பிறகு 130 குதிரைத்திறனோடு 1.9 லிட்டர் மாடல். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முழுவதும் முன்னால் சரியும், பின் டயர்கள் லேசாகும், பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். தெரிந்தவர்கள் இதையே கருவியாகப் பயன்படுத்திக் காரைத் திருப்பினார்கள். தெரியாதவர்கள் வேலிக்குள் பின்பக்கமாகப் போய் நின்றார்கள். எலக்ட்ரானிக் பாதுகாப்பு எதுவும் இல்லாத காலம். அந்தக் காரின் புகழில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்: ஓட்டத் தெரிந்தவன் என்ற சான்றிதழை அது கொடுத்தது.

திருடர்கள், இன்சூரன்ஸ், எடை

எண்பதுகளின் கடைசியில் பிரிட்டனில் இந்தக் கார்கள் இளைஞர்களின் கனவு. கூடவே திருடர்களின் கனவும். அன்றைய பூட்டுகள் பலவீனம், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்பவிடாத இம்மொபிலைசர் கிடையாது. திருடுகிறவர்கள் விற்பதற்காகத் திருடவில்லை, ஓட்டிப் பார்க்கத்தான். ஆக்ஸ்ஃபோர்டு அருகே பிளாக்பேர்ட் லீஸ் குடியிருப்பில் திருட்டு ஹாட் ஹேட்ச்களை வைத்து ராத்திரியில் ஹேண்ட்பிரேக் திருப்பம் என்று கூட்டம் கூட்டி வேடிக்கை காட்டினார்கள். 1991-இல் போலீஸ் தடுக்கப்போக, அது கலவரமாகவே முடிந்தது. கார் தொழிற்சாலைக்குப் பேர்போன கௌலி அங்கிருந்து கூப்பிடு தூரம். மறு வருடம் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றிய ஏற்றத்தில் இருபது வயதுப் பையனால் காரை வாங்க முடிந்தாலும் இன்சூரன்ஸ் கட்ட முடியவில்லை.

அதே நேரத்தில் கார்களும் கனத்துப் போயின. மூன்றாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐக்கு 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். காகிதத்தில் முதல் ஜிடிஐயைவிட ஐந்து கூடுதல். ஆனால் எடை ஒரு டன்னைத் தாண்டிவிட்டது, பிக்கப் குறைந்துவிட்டது. ஜிடிஐ என்ற மூன்றெழுத்து வெறும் அலங்காரமாகிவிட்டது என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே புலம்பினார்கள். 2004-இல் ஐந்தாம் தலைமுறை 200 குதிரைத்திறன் டர்போவோடு வந்தபிறகுதான் அந்தப் பெயருக்கு மரியாதை திரும்பியது. இடைப்பட்ட வருடங்களில் கொடியைப் பிடித்திருந்தவர்களில் ஹோண்டா முக்கியம். 1997-இன் முதல் சிவிக் டைப் ஆர், 1.6 லிட்டரில் டர்போ இல்லாமல் 185 குதிரைத்திறன் எடுத்தது. அந்தச் சக்தி முழுவதும் நிமிடத்துக்கு 8,200 சுற்றில்தான் கிடைக்கும், அதுவரை எஞ்சினைக் கதறவிட வேண்டும்.

அப்புறம் வந்தது நம்பர் சண்டை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் யாருடைய முன்சக்கர இழுவைக் கார் வேகம் என்று ரெனோ, சியட், ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் நான்கும் வரிசையாக மோதின. 2014-இல் சியட் லியோன் குப்ரா எட்டு நிமிடத்துக்குள் சுற்றி வந்தது. அடுத்த ஐந்து வருடத்தில் சாதனை 7 நிமிடம் 40 வினாடி அளவுக்கு இறங்கிவிட்டது. எப்படி? அந்தச் சாதனையைச் செய்த ரெனோ மெகான் டிராஃபி-ஆர் காரில் பின் சீட்டே கிடையாது. கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் எஸ் என்று 400 கார்கள் மட்டும் செய்தார்கள், அதிலும் இரண்டே சீட்டு. பொறியியலாகப் பார்த்தால் அபாரம். ஆனால் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போக முடியாத கோல்ஃப் எதற்கு? இன்னொரு பக்கம் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் 421 குதிரைத்திறனைத் தொட்டது. அந்தக் காரின் எல்லையைப் பொதுச் சாலையில் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் லைசென்ஸ் போகும், அல்லது உயிர் போகும். தன்னைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார்களை மிரட்டியது என்பது உண்மை, ஆனால் அதன் விலையும் இப்போது சாமானியர் கைக்கு எட்டாது.

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இந்தக் கூட்டத்தில் விசித்திரமான பிறவி. உலக ராலிப் போட்டிக்குத் தகுதி பெறவேண்டும் என்பதற்காகவே 2020-இல் செய்த கார். பெயர் யாரிஸ், ஆனால் மூன்று கதவு உடல், கார்பன் கூரை, நான்கு சக்கர இழுவை, மூன்று சிலிண்டரில் 261 குதிரைத்திறன். சாதா யாரிஸ் தொழிற்சாலையில் ஓடுகிற வரிசையில் அதைச் செய்ய முடியாமல் மோட்டோமாச்சி ஆலையில் தனிப் பட்டறையே அமைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, அதைக் கொண்டு செய்யத் திட்டமிட்ட ராலிக் கார் கைவிடப்பட்டது. தெருக் கார் மட்டும் பிழைத்துக்கொண்டது.

நம் ஊரில் ஏன் வரவில்லை

இந்தியாவில் ஹாட் ஹேட்ச் தழைக்காததற்கு "நம்ம ஆளுங்க மைலேஜ்தான் கேட்பாங்க" என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரிய காரணம் வரி.

2006 பட்ஜெட்டில் சின்ன காருக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இரண்டில் எதைத் தாண்டினாலும் அதிக வரி. ஜிஎஸ்டி வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சின்ன கார்களுக்கு 18 சதவீதம், தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். ஹாட் ஹேட்சின் இயல்பே சின்ன உடலில் பெரிய எஞ்சின். நம் வரிவிதி மிகச் சரியாக அந்தச் சேர்க்கைக்குத்தான் அபராதம் போடுகிறது.

இதற்குச் சரியான உதாரணம் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். தெருவுக்குத் தெரு ஸ்விஃப்ட் ஓடும் நாடு இது. அதே ஸ்விஃப்டை வைத்து சுசுகி ஜப்பானில் 2017-இல் விற்பனைக்கு விட்ட ஸ்போர்ட் மாடலுக்கு 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 140 குதிரைத்திறன், எடை 970 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டன்னுக்கு 144 குதிரைத்திறன். முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 136. ஐம்பது வருடத்தில் அந்தப் பழைய சூத்திரத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வந்த புதிய கார்கள் மிகக் குறைவு. நீளம் 4 மீட்டருக்குள் அடங்கும், எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டும். இங்கே விற்கவே இல்லை. மாருதி அதற்குப் பதில் 2017-இல் பலேனோ ஆர்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன். கூட்டம் சேரவில்லை, சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள்.

கோட்டைத் தாண்டத் துணிந்தவர்களும் உண்டு. 2015-இல் ஃபியட் அபார்த் புன்டோவை 1.4 லிட்டர் டர்போவோடு 145 குதிரைத்திறனில் இறக்கியது, டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். இன்றுவரை அந்த விலையில் அவ்வளவு சக்தியுள்ள ஹேட்ச்பேக் இங்கே வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் கார் பழைய வடிவம், ஃபியட்டின் சர்வீஸ் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்ட நேரம், பிறகு ஃபியட்டே இந்தியாவில் கடையைக் கட்டியது. இன்று பழைய அபார்த் புன்டோ வைத்திருப்பவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தாலும் விற்க மனம் வருவதில்லை. ஃபோக்ஸ்வாகன் 2016-இல் போலோ ஜிடிஐயை இறக்குமதி செய்தது. 192 குதிரைத்திறன், 25.99 லட்சம். போலோவுக்கு 26 லட்சமா என்று கேட்டவர்களிடம் விளக்கம் சொல்லிச் சொல்லியே விற்பனையாளர்கள் களைத்திருப்பார்கள். 2025-இல் கோல்ஃப் ஜிடிஐயே வந்தது. 265 குதிரைத்திறன், 53 லட்சம். முதல் தவணையாக வந்த 150 கார்களும் உடனே விற்றுத் தீர்ந்தன. சந்தோஷமான செய்திதான், ஆனால் 53 லட்சம் கொடுக்கிறவருக்கு அது வீட்டில் நிற்கும் மூன்றாவது கார். சாமானியரின் காராகப் பிறந்தது இங்கே சேகரிப்பாளரின் காராக வந்திறங்கியது.

கோட்டுக்குள்ளேயே விளையாடியதில் வெற்றி பெற்றது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் வந்தது, எஞ்சின் 1,197 சிசி, 105 குதிரைத்திறன், தானே கியர் மாற்றும் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். வரிக் கோட்டுக்கு மூன்று சிசி உள்ளே! வாங்கியவர்களில் பலர் அதோடு நிற்கவில்லை. எஞ்சினை இயக்கும் கணினியை மாற்றி எழுதிச் சக்தியை ஏற்றும் ஈசியூ ரீமேப், ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று ஒரு தனி உலகமே அந்தக் காரைச் சுற்றி வளர்ந்தது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் பந்தயக் கார் பட்டறைகளும் இருப்பதால் அங்கே இந்த ஆர்வம் கொஞ்சம் தூக்கல். கம்பெனி விற்காததைப் பட்டறையில் செய்துகொண்டார்கள். ஆனால் தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் ரீமேப் செய்த காருக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். அதைவிட முக்கியம், எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டு பிரேக்கையும் டயரையும் கம்பெனி கொடுத்தபடியே விடுவது ஹாட் ஹேட்ச் ஆகாது. ஜிடிஐ செய்தவர்கள் முதலில் செய்த முரட்டுச் சோதனைக் காரைத்தான் நம் பட்டறைகள் பல மறுபடி செய்துகொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன வயிற்றெரிச்சலும் உண்டு. ஹூண்டாய் ஐ20 தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். சென்னையின் பந்தயப் பாதை இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில். அதே ஐ20 பெயரில் ராலிக் கார் செய்து ஹூண்டாய் 2019-லும் 2020-லும் உலகத் தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது. 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன் கொண்ட ஐ20 என் மாடலை ஐரோப்பாவில் விற்றது, ஆனால் அது வந்தது துருக்கி ஆலையிலிருந்து. நமக்குக் கிடைத்தது 2021-இல் வந்த ஐ20 என் லைன்: அதே 120 குதிரைத்திறன் ஒரு லிட்டர் எஞ்சின், கொஞ்சம் இறுக்கிய சஸ்பென்ஷன், நல்ல சைலன்சர் சத்தம், சிவப்புக் கோடுகள். குறை சொல்வதற்கில்லை, ஓட்ட இனிமையான கார். 2024-இல் டாடா விட்ட அல்ட்ராஸ் ரேசரும் இதே 120 குதிரைத்திறன் வகை. இரண்டும் வரிக் கோட்டுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

ஐரோப்பாவிலும் நிலைமை சொல்லிக்கொள்கிறபடி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு வைத்த பிறகு, சின்ன பெட்ரோல் ஸ்போர்ட் காருக்கு அபராதக் கணக்கு குறுக்கே வந்தது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி 2023-இல் ஃபியஸ்டாவோடு சேர்ந்தே போய்விட்டது. ஐ20 என் மாடலும் ஐரோப்பாவில் இப்போது இல்லை.

மின்சாரக் காரில் இது மறுபடி வருமா? ஆல்பீன் ஏ290 என்று ரெனோ ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. புதிய மின்சார ரெனோ 5 காரின் சூடான வடிவம், உச்ச மாடலில் 220 குதிரைத்திறன். எடைதான் உறுத்துகிறது: சுமார் 1,480 கிலோ. முதல் ஜிடிஐயின் எடையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேட்டரி காரின் அடிவயிற்றில் இருப்பதால் சாய்வு குறையும், மிதித்த உடனே இழுவை கிடைக்கும், டர்போவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வளைவில் இவ்வளவு எடையைத் திருப்புவதும் நிறுத்துவதும் டயரின் வேலைதான், அதற்குக் குறுக்குவழி இல்லை. எஞ்சின் சத்தமும் கியர் மாற்றுகிற கை வேலையும் போனதை ரசிகர்களில் பாதிப்பேர் மன்னிக்கமாட்டார்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை வேறொரு கணக்கு இருக்கிறது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். நீளம் எவ்வளவு, சக்தி எவ்வளவு என்று அந்த வரி கேட்பதில்லை. 150 குதிரைத்திறன் மோட்டார் வைத்த ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கும் 75 குதிரைத்திறன் வைத்ததற்கும் வரி ஒன்றே. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை வெளியே நிறுத்திய 1,200 சிசிக் கோடு, சிசியே இல்லாத காருக்குச் செல்லாது. அப்படி ஒரு காரைச் செய்வதா வேண்டாமா என்பது இனி நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. இப்போதைக்கு அவர்கள் எல்லோரும் எஸ்யூவி செய்துகொண்டிருக்கிறார்கள்.